ஒளி விஞ்ஞானியின் ஆராய்ச்சி எவ்வளவு தூரம் பாய்ந்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிப்ரவரி 28 வந்தால் பாபநாசம், வலங்கைமான், மன்னார்குடிப் பக்கத்துப் பள்ளிகளில் யாராவது கூப்பிட்டுவிடுவார்கள். இயற்பியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன், பக்கத்திலேயே இருக்கிறவன், வேன் அனுப்பத் தேவையில்லாதவன். தேசிய அறிவியல் நாளுக்கு இதைவிடத் தோதான ஆள் கிடைக்காது. மேடையில் நான் பேசுவதை யாரும் அவ்வளவாகக் கேட்பதில்லை. டீயும் வடையும் வரும்போதுதான் கேள்வி வரும். பத்து வருடமாக அதே கேள்விகள். கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, பதிலையும் கீழே வைத்திருக்கிறேன்.

ஒளியியல்ங்கிறாங்க, போட்டோனிக்ஸ்ங்கிறாங்க. ரெண்டும் ஒண்ணா, வேற வேறயா சார்?

ஒரே குடும்பம், இரண்டு தலைமுறை. கண்ணாடி, லென்ஸ், வானவில், நிழல் என்று ஒளியின் போக்கைப் படிப்பது ஒளியியல். அது பழையது. 1960இல் மெய்மன் முதல் லேசரை எரியவைத்த பிறகு, ஒளியை உண்டாக்கி, கம்பிக்குள் அனுப்பி, பெருக்கி, அணைத்து, மின்சாரத்தை வேலை வாங்குவதுபோல் வேலை வாங்க முடிந்தது. அந்தப் பக்கத்துக்குத்தான் போட்டோனிக்ஸ் என்று பெயர். ஒரே ஆள் காலையில் இதையும் மாலையில் அதையும் செய்வார். பெயரைப் பிடித்துக்கொண்டு சண்டை போட வேண்டியதில்லை.

நெல்லு விளையுற ஊர்ல ஒளிக்கு என்ன வேலை?

அரிசி மூட்டையில் ‘சார்டெக்ஸ்’ என்று போட்டிருக்கிறதே, பார்த்திருப்பீர்கள். அது நிறம் பார்த்துப் பிரிக்கும் இயந்திரத்தின் பெயர். அரிசி சரிவில் வழுக்கி விழும்போது கேமரா ஒவ்வொரு மணியையும் பார்க்கும். கறுப்போ பழுப்போ தெரிந்தால் காற்று பீய்ச்சி அந்த ஒரு மணியை மட்டும் தள்ளிவிடும். முழுக்க ஒளியின் வேலை. வயலைச் சமன்படுத்த டிராக்டரில் லேசர் வைத்து ஓட்டுகிறார்கள். பயிரின் பச்சையம் பார்க்கும் கையடக்கக் கருவி இருக்கிறது. இலை வழியாகச் சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் அனுப்பி, எது எவ்வளவு தங்குகிறது என்று பார்த்து, தழைச்சத்து நிலவரத்தைச் சொல்லும். இதையே அட்டையில் செய்ததுதான் வேளாண் அலுவலகத்தில் கொடுக்கும் இலை வண்ண அட்டை.

ஒரு எச்சரிக்கை. கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம் தாண்டிவிட்டது என்று நம்மை வயிறெரிய வைக்கும் கருவியையும் இதில் சேர்த்துக் கேட்கிறார்கள். அங்கே சாதாரணமாக இருப்பது நெல்லின் மின் குணத்தை அளப்பது. அந்தப் பாவத்தில் ஒளிக்குப் பங்கில்லை.

ஆராய்ச்சித் தாக்கம்னு சொல்றாங்களே, அதை எதை வச்சு அளக்கிறாங்க? மரக்காலா?

இருப்பதிலேயே எளிய மரக்கால், மேற்கோள். நீங்கள் ஒரு கட்டுரை எழுதுகிறீர்கள். பிறகு எழுதுகிற ஒருவர், ‘இந்த இடத்தில் இன்னார் கண்டதை வைத்துக்கொண்டு மேலே போகிறேன்’ என்று கடைசியில் உங்கள் கட்டுரையைக் குறிப்பிடுகிறார். அது ஒரு மேற்கோள். அப்படி எத்தனை பேர் குறிப்பிட்டார்கள் என்று கூகுள் ஸ்காலர், ஸ்கோபஸ் போன்ற தளங்கள் எண்ணிக்கொண்டே இருக்கின்றன. இரண்டும் ஒரே எண்ணைக் காட்டாது. கூகுள் ஸ்காலர் அகலமாக வலை வீசும், ஆகவே அதில் எண்ணிக்கை பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். ஒருவர் தன் எண்ணிக்கையைச் சொன்னால் எங்கே பார்த்தது என்று கேளுங்கள்.

குறிப்பிட்டவர் பாராட்டித்தான் குறிப்பிட்டார் என்று இல்லை. ‘இவர் சொன்னது தப்பு’ என்று எழுதினாலும் அது ஒன்றுதான்.

எச் இன்டெக்ஸ்னு ஒண்ணு சொல்றாங்க. எங்க மாப்பிள்ளைக்கு 19 இருக்காம். அது நல்ல நம்பரா?

2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்கு அது. ஒருவர் ஐந்து கட்டுரை எழுதியிருக்கிறார், அவற்றுக்கு 40, 12, 6, 4, 1 என்று மேற்கோள் வந்திருக்கிறது என்று வையுங்கள். குறைந்தது 4 மேற்கோள் வாங்கிய கட்டுரைகள் 4 இருக்கின்றன. ஆகவே அவர் எண் 4. இன்னொருவர் மூன்றே கட்டுரை எழுதினார். 900, 700, 2. அவர் எண் 2. யாருடைய ஒளி தூரம் போனது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த எண், விடாமல் எழுதுகிறவருக்குச் சாதகம். ஒரே அடியில் மலையைப் பெயர்த்தவரை அதற்குத் தெரியாது.

மாப்பிள்ளை விஷயம்: 19 என்பது அவர் எந்தத் துறை, எத்தனை வருடமாக ஆராய்ச்சியில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. மருத்துவத்தில் கட்டுரைகள் மழைபோல் கொட்டும், மேற்கோளும் அப்படியே. கணிதத்தில் சொட்டும். ஒளியியல் இரண்டுக்கும் நடுவில். ஆராய்ச்சிக்கு வந்து பத்து வருடம் என்றால் சந்தோஷப்படலாம். எந்தப் பக்கம் பார்த்தாலும் கல்யாணத்துக்கு முன் கேட்க வேண்டிய எண் இது இல்லை.

பெரிய பத்திரிகையில வந்துட்டாலே அது பெரிய ஆராய்ச்சிதானே?

பத்திரிகைக்கு ‘இம்பாக்ட் ஃபாக்டர்’ என்று ஒரு எண் உண்டு. முந்தைய இரண்டு வருடத்தில் அது வெளியிட்ட கட்டுரைகளுக்கு இந்த வருடம் சராசரியாக எத்தனை மேற்கோள் என்பதுதான் அது. சராசரியின் லட்சணம் நமக்குத் தெரியும். ஒரு பண்ணையாருக்கு நூறு வேலி, மற்ற தொண்ணூற்றொன்பது பேருக்கு ஆளுக்கு ஒரு குழி. சராசரி பார்த்தால் ஊரில் ஆளுக்கு ஒரு வேலி வந்துவிடும். சில கட்டுரைகள் அள்ளிக்கொண்டு போகும், மீதிக் கட்டுரைகள் அவற்றின் நிழலில் உட்கார்ந்திருக்கும். ஆளை எடைபோட இந்த எண்ணைப் பயன்படுத்தாதீர்கள் என்று 2012இல் சான்பிரான்சிஸ்கோவில் கூடிய ஆராய்ச்சிப் பத்திரிகை ஆசிரியர்களும் பதிப்பாளர்களும் ஓர் அறிக்கையே எழுதினார்கள். நேர்முகத் தேர்வு அறைகளுக்குள் அது இன்னும் முழுதாக நுழையவில்லை.

சி.வி.ராமன் நம்ம பக்கத்துக்காரர்தானே? அவருக்கு இந்த நம்பரெல்லாம் எவ்வளவு வரும்?

திருவானைக்காவலில் 1888 நவம்பர் 7 அன்று பிறந்தார். ஆனால் அப்பாவுக்கு விசாகப்பட்டினத்தில் கல்லூரி வேலை கிடைக்க, சின்ன வயதிலேயே குடும்பம் அங்கே போய்விட்டது. காவிரிக் கரையில் பிறந்தார் என்று சொல்லலாம், வளர்ந்தார் என்று அடித்துச் சொல்ல முடியாது.

எண்ணைப் பற்றி: ராமனை அளக்கப் போனால் மரக்கால்தான் அசிங்கப்படும். ஒளி ஒரு பொருளின் மேல் பட்டுச் சிதறும்போது ஏறத்தாழ முழுவதும் அதே நிறத்தில் வெளியே வரும். ஒரு கோடி ஒளித்துகளில் ஒன்று என்ற அளவில் மட்டும், அந்தப் பொருளின் மூலக்கூறு அதிர்வுக்குத் தக்கபடி நிறம் மாறி வரும். அந்த ஒன்றை 1928 பிப்ரவரியில் கல்கத்தாவில் ராமனும் கே.எஸ்.கிருஷ்ணனும் பிடித்தார்கள். 1930இல் ராமனுக்கு நோபல். இன்று ராமன் முறையில் சோதனை செய்கிறவர்களில் பலர் அந்த 1928 கட்டுரையைக் குறிப்பிடுவதே இல்லை. ‘ராமன் எடுத்துப் பார்த்தோம்’ என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். ஆள் பெயர் கருவியின் பெயராகிவிட்டது. தண்ணீர் குடிக்கிறவன் கரிகாலனுக்கு ரசீது கொடுப்பதில்லை. மேற்கோள் எண்ணும் கணினிக்கு இது தெரியாது.

நோபல் வாங்கினதோட சரியா? இப்ப ராமன் விளைவால யாருக்கு என்ன பிரயோஜனம்?

நடுவில் நிஜமாகவே சோர்ந்துதான் போனது. அந்த ஒரு கோடியில் ஒன்றைப் பிடிக்க, பாதரச விளக்கை வைத்துக்கொண்டு போட்டோ தகட்டின் முன் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நல்ல அகச்சிவப்புக் கருவிகள் வந்ததும் வேதியியல்காரர்கள் அங்கே போய்விட்டார்கள். லேசர் வந்த பிறகு மறுபடி உயிர் வந்தது. 1974இல் இங்கிலாந்தில் பிளீஷ்மன் குழுவினர், சொரசொரப்பாக்கிய வெள்ளிப் பரப்பில் ஒட்டிய மூலக்கூறிலிருந்து ராமன் ஒளி பலமாக வருவதைப் பார்த்தார்கள். பிறகு அது தனித் துறையாகவே வளர்ந்தது.

இன்று மாத்திரையை உறை பிரிக்காமல் அசலா போலியா என்று பார்க்கும் கையடக்கக் கருவி உண்டு. 2021இல் செவ்வாயில் இறங்கிய பெர்சிவியரன்ஸ் ஊர்தியில் ராமன் கருவிகள் இருக்கின்றன. நீண்ட தூரக் கண்ணாடி இழையில் சோர்ந்துபோன ஒளியைத் தெம்பூட்டவும் இதே விளைவைப் பயன்படுத்துகிறார்கள். ராமன் இதில் எதையும் நினைத்துச் செய்யவில்லை. கப்பலில் வரும்போது கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்று யோசித்தார், அவ்வளவுதான்.

ஒரு கட்டுரை எழுதி எத்தனை வருஷத்துல பலன் தெரியும்?

ராமனுக்கு இரண்டு வருடம். அதை வைத்து மற்றவர்களைக் கணக்குப் போடாதீர்கள்.

சார்லஸ் காவ் கதை நம் ஊருக்குச் சுலபமாகப் புரியும். கண்ணாடி இழைக்குள் ஒளியை விட்டால் போகப் போக மங்கும். மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வருமா என்ற அதே கவலை. 1960களில் இருந்த கண்ணாடியில் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1,000 டெசிபெல் இழப்பு. ஒளி எவ்வளவு மங்குகிறது என்று அளக்கும் அலகு டெசிபெல். அப்படியென்றால் முதல் மதகிலேயே ஆறு வற்றிவிட்டது என்று அர்த்தம். எல்லாரும் கண்ணாடியின் குணமே அதுதான் என்று இருந்தார்கள். காவும் ஹாக்கமும் 1966இல், குற்றம் கண்ணாடியில் இல்லை, அதில் கலந்திருக்கும் அழுக்கில் இருக்கிறது, இழப்பை 20 டெசிபெலுக்குக் கீழே கொண்டுவந்தால் தொலைபேசிக்கே பயன்படும் என்று எழுதினார்கள். 20 டெசிபெல் என்றால் ஒரு கிலோமீட்டர் தாண்டி நூற்றில் ஒரு பங்கு ஒளி மிஞ்சும். 1970இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் அந்தக் கோட்டைத் தாண்டியது. இன்றைய இழையில் இழப்பு சுமார் 0.2 டெசிபெல். நூறு கிலோமீட்டர் போன பிறகுதான் அந்த நூற்றில் ஒரு பங்கு நிலைக்கு வரும். கோடியக்கரைப் பக்கத்தில் உட்கார்ந்து பேத்தியோடு வீடியோவில் பேசுகிறோமே, கடைமடைக்கு வந்த ஒளி அது. காவுக்கு நோபல் 2009இல். 43 வருடம்.

யாருமே மேற்கோள் காட்டலைன்னா அந்த ஆராய்ச்சி வீண்தானே?

இந்தக் கேள்விக்கென்றே ஒரு பெயர் வைத்திருக்கிறேன்: பஞ்சரத்தினம். ராமனின் அக்கா தங்கை வழி மருமான்களில் ஒருவர். பெங்களூரில் ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் படிகங்களுக்குள் ஒளி போகும் விதத்தை ஆராய்ந்தார். 1956இல், 22 வயதில், இந்திய அறிவியல் அகாடமியின் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். ஒளியின் அதிர்வுத் திசையை ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து மற்றொன்றுக்கு என்று மாற்றி, கடைசியில் பழைய நிலைக்கே கொண்டுவந்தாலும், சுற்றி வந்த பாதையின் நினைவு அதில் ஒட்டியிருக்கும் என்பது சாரம்.

திருவாரூர் ஆழித்தேரை நினைத்துக்கொள்ளுங்கள். நான்கு வீதியும் சுற்றி நிலைக்கு வந்துவிட்டது. பார்த்தால் புறப்பட்ட இடமேதான். ஆனால் சக்கரத்தில் எந்தப் பகுதி இப்போது மேலே நிற்கிறது என்பது வந்த வழியைப் பொறுத்தது. அதுமாதிரி.

ரொம்ப நாள் வெளியுலகம் அதைக் கண்டுகொள்ளவில்லை. 1969இல் ஆக்ஸ்போர்டில் 35 வயதில் அவர் இறந்துபோனார். 1984இல் மைக்கேல் பெர்ரி குவாண்டம் இயற்பியலில் இதே கருத்தைப் பொதுவாக எழுதிப் புகழ்பெற்றார். 1986இல் ராமசேஷனும் நித்யானந்தாவும் ‘கரன்ட் சயின்ஸ்’ இதழில், இது நம் பஞ்சரத்தினம் அன்றே சொன்னது அல்லவா என்று எழுதினார்கள். பெர்ரி அந்தப் பழைய கட்டுரையைப் படித்து, அடுத்த வருடமே பஞ்சரத்தினத்தின் பங்கை விளக்கித் தானே ஒரு கட்டுரை எழுதினார். அது பெரிய மனுஷத்தனம். இன்று தாளைப்போல் தட்டையான லென்ஸ்களைச் செய்கிறவர்கள் பஞ்சரத்தினம்-பெர்ரி என்று இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல்கிறார்கள். 1966இல் அவருக்கு எச் இன்டெக்ஸ் போட்டிருந்தால் என்ன வந்திருக்கும் என்று எனக்கு யோசிக்கவே பிடிக்கவில்லை.

கபானிக்கு நோபல் கொடுக்கலையே. அப்போ அவர் வேலை மட்டமா?

இல்லை. பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, ஹாப்கின்ஸோடு சேர்ந்து 1954இல் இழைக்கட்டு வழியாகப் படத்தையே கடத்திக் காட்டினார். வயிற்றுக்குள் விட்டுப் பார்க்கும் குழாய் அந்த வழியில் வந்தது. 2009 நோபல், இழையில் வெகுதூரம் செய்தி அனுப்பியதற்கு. மேலே சொன்ன அழுக்குக் கணக்கு காவுடையது. நோபல் மூன்று பேருக்கு மேல் பங்கு போடாது, தாக்கம் அப்படி இல்லை.

வெளிநாடு போகாம இங்கயே இருந்து பண்ணினா யார் கவனிப்பாங்க?

திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் எம்.லட்சுமணன் நேரிலா இயங்கியல் மையத்தைக் கட்டி வளர்த்தார். காரணம் இரண்டு மடங்கானால் விளைவும் இரண்டு மடங்கு என்ற நேர்க்கணக்குக்கு அடங்காத இயக்கங்களைப் படிப்பது அது. அங்கே செய்த வேலைகளில் ஒன்று சாலிட்டான் அலை. இதன் பிறப்பே வாய்க்காலில்தான். 1834இல் ஸ்காட்லாந்தில் ஸ்காட் ரசல் என்ற பொறியாளர், வாய்க்காலில் போன படகு சட்டென்று நின்றதும் அதன் மூக்கிலிருந்து ஒற்றை அலை ஒன்று கிளம்பி, உருவம் கலையாமல் ஓடுவதைப் பார்த்தார். குதிரையில் ஏறி ஒரு மைல், இரண்டு மைல் துரத்திக்கொண்டே போனார். நம்மவர்கள் எத்தனை பேர் வெண்ணாற்றங்கரையில் உட்கார்ந்து எத்தனை அலையைப் பார்த்திருப்போம்!

1973இல் ஹசேகவாவும் டாப்பர்ட்டும் கண்ணாடி இழைக்குள் ஒளியும் இப்படிக் கலையாத அலையாகப் போகும் என்றார்கள். 1980இல் பெல் ஆய்வகத்தில் பார்த்தும்விட்டார்கள். 1997இல் ராதாகிருஷ்ணன், லட்சுமணன், ஹியட்டரின்டா மூவரும், இப்படிப்பட்ட இரண்டு ஒளியலைகள் மோதும்போது தங்களுக்குள் ஆற்றலைப் பங்கு மாற்றிக்கொள்ளும் வகை ஒன்று உண்டு என்று கணக்கில் காட்டினார்கள். அடுத்த வருடமே அமெரிக்காவில் பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள், அப்படியானால் மோதலை வைத்தே கணினிக் கணக்குப் போடலாமே என்று அதைப் பிடித்துக்கொண்டார்கள். தாளும் பேனாவும் வைத்துச் செய்கிற வேலைக்கு ஊர் தடையில்லை. சோதனைக்கூட வேலைக்குத் தடைதான். கருவி பழுதானால் ஆள் வர ஆறு மாதம் ஆகும்.

ஒருத்தருக்கொருத்தர் பேசி வச்சு மேற்கோள் போட்டுக்கிறாங்களாமே, உண்மையா?

பேராவூரணிப் பக்கத்து மொய் விருந்து தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நீ என் விருந்துக்கு எழுதினாய், உன் விருந்துக்கு நான் எழுதுகிறேன். ஆனால் மொய் நோட்டு நாணயமானது. கொடுத்ததும் வாங்கியதும் வெளிப்படையாக இருக்கும், கடன் என்று எல்லாருக்கும் தெரியும். இங்கே அதை மரியாதை என்று காட்டுகிறார்கள். தனக்குத் தானே மொய் எழுதிக்கொள்வதும் உண்டு. ஒரே ஆராய்ச்சியைத் தொடர்கிறவர் தன் பழைய கட்டுரையைச் சொல்லத்தான் வேண்டும், அதில் தப்பில்லை. மொத்தத்தில் பாதி அதுவாக இருந்தால் சந்தேகப்படுங்கள். ஸ்கோபஸில் தன் மேற்கோளை நீக்கிப் பார்க்க வசதி இருக்கிறது.

ஆயிரம் பேர் சேர்ந்து ஒரே பேப்பர் எழுதினா ஆளுக்கு எவ்வளவு பங்கு?

நிஜமாகவே நடந்தது. லைகோ என்பது 4 கிலோமீட்டர் நீளக் கைகள் கொண்ட லேசர் கருவி, அதாவது நம் துறையின் பிள்ளை. 2015 செப்டம்பரில் அது ஈர்ப்பலையைப் பிடித்ததைச் சொன்ன கட்டுரையில் ஆயிரத்துக்கு மேல் ஆசிரியர்கள். ஒவ்வொருவர் கணக்கிலும் அத்தனை மேற்கோளும் முழுசாக ஏறும். பாகப்பிரிவினையே கிடையாது. இப்படி ஒரு கட்டுரை ஒருவர் பட்டியலில் இருந்தால் அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மீதியைப் பாருங்கள்.

‘உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானி’ன்னு காலேஜ் வாசல்ல பிளெக்ஸ் வச்சிருக்காங்க. நம்பலாமா?

பட்டியல் உண்மையானதுதான். ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் அயோனிடிஸ் குழு, ஸ்கோபஸ் கணக்கை வைத்துத் தயாரிப்பது. ஆயிரம் பேர் கட்டுரைத் தொல்லையையும், தன் மேற்கோளையும் ஓரளவு சரிசெய்து பார்ப்பதால் வெறும் எண்ணைவிட மேல். ஆனால் அதில் இரண்டு பட்டியல் உண்டு: வாழ்நாள் முழுவதற்கும் ஒன்று, ஒரே ஒரு வருடத்துக்கு ஒன்று. பிளெக்ஸில் எது என்று போட மாட்டார்கள். அது பரிசும் அல்ல, யாரும் தேர்வுக்குழு வைத்துத் தேர்ந்தெடுக்கவும் இல்லை. மாலை போடுகிறவர்கள் போடட்டும்.

காசு கொடுத்தா மூணு நாள்ல பேப்பர் போட்டுத் தர்றாங்களாம். என்ன சார் தப்பு?

என் மாணவர் ஒருவர் எனக்குத் தெரியாமல் அப்படிப் போட்டார். அம்மாவின் தோட்டை அடகு வைத்த பணம். கட்டுரை வந்தது. பார்த்தால் ஒரு படம் தலைகீழாக இருந்தது. யாரும் படிக்கவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். ஒரு வருடத்தில் அந்தப் பத்திரிகையின் இணையதளமே இல்லை. கட்டணம் வாங்குவதெல்லாம் மோசடி என்று சொல்ல மாட்டேன், நல்ல பத்திரிகைகள் சிலவும் வாங்குகின்றன. அடையாளம் வேகம்தான். தெரிந்த இரண்டு பேர் படித்து, குறை சொல்லி, நீங்கள் திருத்தி அனுப்ப மூன்று நாள் போதாது.

எம் பொண்ணு லேசர்ல பிஎச்டி பண்ணப் போறா. கைடு நல்லவரான்னு எப்படிப் பார்க்கிறது?

மேலே சொன்ன எண்களைப் பாருங்கள், அதற்கு ஐந்து நிமிடம் போதும். பிறகு அவரை யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று திறந்து பாருங்கள். முன்பின் தெரியாத நாட்டு ஆய்வகம் ஒன்று அவர் முறையை எடுத்துச் செய்து பார்த்திருந்தால் அந்த ஒன்று, மொய்க் கணக்கில் வந்த ஐம்பதுக்குச் சமம். முதல் ஆசிரியராக மாணவர்கள் பெயர் வருகிறதா என்று பாருங்கள். டோனா ஸ்டிரிக்லண்டுக்கு 2018இல் நோபல் வாங்கிக்கொடுத்த 1985ஆம் வருடக் கட்டுரை, அவர் மாணவியாக இருந்தபோது வழிகாட்டி மூரோவோடு எழுதியது. பெயர் வரிசையில் மாணவி முதலில், வழிகாட்டி பிறகு.

கடைசியாக, அந்த ஆய்வகத்து வாசல் டீக்கடையில் ஒரு நாள் உட்காரச் சொல்லுங்கள். அங்கே படிக்கிற பிள்ளைகள் வாயிலிருந்து வராத தகவல் எந்தத் தளத்திலும் வராது.

ராமன் மிருதங்கத்தையும் ஆராய்ச்சி பண்ணினாராமே. அதை எந்தக் கணக்குல சேர்க்கிறது?

அது ஒலி, ஒளி இல்லை. சாதாரணத் தோல் கருவியில் எழும் மேல்சுரங்கள் ஒன்றோடொன்று சேராமல் இரையும். மிருதங்கத்தின் வலந்தலையில் வைக்கும் கறுப்புக் கரணை அவற்றை இழுத்து, தந்திக் கருவிபோல் சுருதியில் நிற்கவைக்கிறது என்று 1920இல் சிவகாளி குமாரோடு ‘நேச்சர்’ இதழில் எழுதினார். 1934இல் விரிவாக இன்னொன்று. கணினி இரண்டையும் ராமன் கணக்கில்தான் வரவு வைக்கும்.

தஞ்சாவூரில் மிருதங்கம் மூட்டுகிறவர் ஒருவரிடம் இதைப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டார். “அது தெரியாமலா எங்க தாத்தா ஒவ்வொரு படையா வச்சுத் தேச்சுக்கிட்டே கிடந்தாரு?” என்று சொல்லிவிட்டு, கல்லை எடுத்து விட்ட இடத்திலிருந்து தேய்க்க ஆரம்பித்தார்.